பிறகு சொல்கிறேன்

குத்தாயிசியில் எங்கள் வீட்டு விருந்து
ஆறு மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவுக்கு முன் முடியாது.
விருந்துக்கு ஒரு தலைவர் உண்டு, தமதா என்போம்.
அவர் எழுந்து பேசாமல் ஒரு கோப்பையும் காலியாகக் கூடாது.
எங்கள் தமதா ஸால் சித்தப்பா.
அவருடைய மீசை
மேலுதட்டை முழுக்க விழுங்கிவிட்டு
கீழுதட்டிலும் பங்கு கேட்கும்.

அந்த மீசைக்கு எதிரில்தான்
முப்பது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறாள்
என் அக்கா லம்சிரா.
நான்கு வயதில் மூளைக்காய்ச்சல், காது போனது.
உதட்டைப் படிப்பாள்.
மீசையை எப்படிப் படிப்பது?

சமாதானத்துக்காகச் சித்தப்பா இருபது நிமிடம் பேசுவார்.
மின்சாரமில்லாத அந்தக் குளிர்காலம் வரும்,
ரொட்டி வரிசையில் எதிரி ஒருவன் வந்து நிற்பான்,
தன் ரொட்டியைப் பிட்டுத் தருவான்,
மேசையே கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.
லம்சிரா என் முழங்கையைத் தொடுவாள்: என்ன?
கையால் சொல்வேன்: சமாதானம். குடி.

இருபது நிமிடம். இரண்டு சொல்.

சிரிப்பு வந்தால் இன்னும் மோசம்.
எல்லாரும் சிரித்து ஓயும் தறுவாயில் அவளும் சிரிப்பாள்,
நகர்ந்துவிட்ட பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறவள் மாதிரி.
என்னைப் பார்ப்பாள்.
ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன் என்பேன்.
சொன்னதில்லை.
ஆறிப்போன ஹச்சாபூரியையாவது சுடவைத்துத் தின்னலாம்.

போன வருடம் போனை உப்புக்குப்பிமேல் சாய்த்து வைத்தாள்,
பேச்சை எழுத்தாக்கும் செயலி.
"மாண்டவர்களை நினைத்து" என்றார் சித்தப்பா.
"பாண்டங்களை நனைத்து" என்று எழுதியது போன்.
எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள்.
முதன்முறையாக அவள் முதலில் சிரித்தாள்.
அம்மா தொடையில் கிள்ளினாள்.

இந்த அக்டோபரில், திராட்சை பிழிந்த வாரம்,
சித்தப்பா உட்கார்ந்ததும் லம்சிரா எழுந்தாள்.
கோப்பையைக் கீழே வைத்தாள்.
இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கைகள் ஒரு மரத்தை நட்டன,
இல்லை, யாரையோ புதைத்தன, எனக்குத் தெரியவில்லை.
ஏதோ நெடுந்தூரம் நடந்து வந்து நின்றது.
தோள் கிழவனாகிக் குளிரில் ஒடுங்கியது,
அடுத்த நொடி சிறுமியாகிக் குதிகாலில் எம்பியது.
எனக்குத் தெரிந்தவை ஐம்பது சொல் இருக்கும்:
பணம், வா, டாக்டர், ரொட்டி, பிறகு.
ரொட்டி ஒரு முறை வந்தது.
பிறகு மூன்று முறை.

மேசைக் கோடியில் அவள் தோழி சியாலா,
அவளுக்கும் காது கேட்காது,
அழுதுகொண்டே உள்ளங்கையால் பலகையைத் தட்டினாள்.
தட்டுகள் அதிர்ந்தன.

"என்னடா சொல்கிறாள்?"
சித்தப்பா என் பக்கம் சாய்ந்தார்.
இருபத்துமூன்று முகம் என்மேல்.
யாரோ முழங்கையைத் தொட்டார்கள்.
அந்தச் சொல் என் வாயில் தயாராக இருந்தது.

விழுங்கினேன்.
தெரியாது என்றேன்.
ஒரே அறையில் தூங்கி வளர்ந்தவன்,
தெரியாது என்றேன்.

சித்தப்பா அடுத்த விருந்துக்கு
மீசையை ஒரு விரல் அகலம் ஒதுக்கி வந்தார்,
பெருந்தியாகம் செய்த முகத்தோடு.
லம்சிரா ஒரு தாளை நீட்டினாள்:
"மீசையை விடுங்கள்.
ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்,
முகம் கரியாகிவிடுகிறது.
ஒருவர் பேச மற்றவர் பொறுக்கவேண்டும்.
மொழிபெயர்ப்பாளர் வருவார்.
சம்பளத்தில் பாதி நான், பாதி நீங்கள்."
இருமுறை படித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
பாதியைக் கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டு.
அந்த முணுமுணுப்பும் மொழிபெயர்க்கப்பட்டது.

செவ்வாய்க்கிழமைகளில் சியாலாவின் வகுப்புக்குப் போகிறேன்.
என் விரல்கள் விறகு.
நேற்றுதான் கேட்க முடிந்தது:
அன்றைக்கு என்ன பேசினாய்?

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.
ஈரக்கையால் சொன்னாள்.
குளிர். ரொட்டி. வரிசை. சித்தப்பா.
நான்.

நானா? நீயும் அங்கே நின்றாயா?
பிட்டுத் தந்தவனைப் பார்த்தாயா?
அதற்கு மேல் கைகள் வேகமெடுத்தன, தவறவிட்டேன்.
மறுபடி, என்றேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
விளக்கடிக்கு வந்து நின்று
மறுபடி சொன்னாள்.